சிவப்பு நூல் கட்டிய கோப்பை

வெளியே மூன்று கல் வைத்த அடுப்பிலிருந்து இறக்கிய வாளித் தண்ணீரில் துஷாந்தினி விரலை விட்டுப் பார்த்தாள். மஞ்சள் அரைத்தாகிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் பக்கவாட்டில் சேலைகளைக் கட்டி மறைத்தாகிவிட்டது. மறைப்புக்குள் வாங்குப் பலகையின்மேல் புஷ்பராணி கிடந்தாள். குளிப்பாட்ட வேண்டிய பெண்கள் மட்டும் தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணி ஆறுதுப்பா."

சிவஞானத்துக்கும் அது தெரிந்தது. அவர் மனைவி புஷ்பராணியின் உடல் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து விடிகாலையில் வேனில் வந்திருந்தது. தூக்கி இறக்கிய ஆண்கள்கூட உடனே பீலித் தண்ணீருக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியதை அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

"பேச்சியம்மா, வாங்கம்மா. நேரமாகுது," என்றார்.

தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் முதல் செம்பு ஊற்றுகிறவள் பேச்சியம்மாதான். அவள் சேலைத் தலைப்பை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. எங்க ஊட்லயும் புள்ளைக இருக்கு."

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே. எத்தன தடவ சொல்றது?"

"அவங்க சொன்னாங்க, சரி. நீங்க நம்புனீங்களா?" பேச்சியம்மா இஸ்தோப்புத் திண்ணைப் பக்கம் மோவாயை நீட்டினாள். "அந்தக் கோப்ப இன்னும் ஆணியிலதானே தொங்குது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. கதவுக்கு வெளியே, மற்றப் பாத்திரங்களோடு சேராமல், ஓர் எவர்சில்வர் கோப்பை தனியாகத் தொங்கியது. அதன் காதில் சிவப்பு நூல். சிவஞானம் கட்டிய முடிச்சு.



புஷ்பராணிக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தில் ஒரு காரணம் தயாராக இருந்தது. விரல் ஓரமெல்லாம் கறுத்து வெடித்தது. கொழுந்துக் கறை பிடித்த கையில் வெடிப்பு ஒரு நோயா? கழுத்துக்குக் கீழே மாரெல்லாம் சிவந்தது. வெயில். கண் இமை இரண்டும் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியது. தூக்கமில்லை. பறித்த கொழுந்தைத் தோளுக்குமேல் கூடைக்கு வீசக் கை எழும்பவில்லை. சோம்பல்.

கடைசியில் அவள் ஒரு சாக்கை வயிற்றுக்கு முன்னால் கட்டி அதில் பறித்துப் போட ஆரம்பித்தாள். பக்கத்து நிரையில் பறிக்கிற அங்கம்மா மலையே கேட்கும்படி, "என்னாக்கா, இந்த வயசுல மாசமா இருக்கியா? யாருக்கும் சொல்லவே இல்ல!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பராணியும் சிரித்தாள். கங்காணி சிரிக்கவில்லை. நிறை குறைந்ததால் அரைநாள் கூலிதான் என்று அரைப்பேர் போட்டான். வீட்டுக்கு வந்தவளிடம் சிவஞானமும், "கை என்ன வாடகைக்கா வாங்கி வந்த, தூக்குனா என்ன?" என்று எரிந்து விழுந்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து அவருடைய கையும்தான் வலித்தது. யாரிடம் சொன்னார்?

விரல் கணுக்களின்மேல் சிவப்புத் தடிப்பு வந்து அரிக்கத் தொடங்கியபோது தோட்டத்து மருந்துக்காரரிடம் போனார்கள். சொறி, ஒட்டும், படுக்கை பாத்திரத்தைத் தனியாக வையுங்கள் என்றார். வெள்ளை மருந்தை வீட்டில் எல்லாரும் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டு குளிரில் நடுங்கினார்கள். அன்றைக்குத்தான் அவள் கோப்பையில் நூல் ஏறியது. லயத்தில் அடுப்பு அடுப்பாகச் செய்தி போனது.

அதன்பிறகு தோலுக்கு ஒரு டாக்டர், வாதத்துக்கு ஒரு டாக்டர். தோலைப் பார்த்தவர் கையைத் தூக்கச் சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னவர் இமையைப் பார்க்கவில்லை. துஷாந்தினி அம்மாவுக்குத் தலை சீவிவிட்டாள். கொல்லைக்குக் குந்தினால் எழுப்பிவிட்டாள். சோறு தொண்டையில் நின்றபோதுதான், வேலையை விட்டுவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏற்றினாள்.

அங்கே ஸிஹாமா என்கிற சின்ன வயது டாக்டரம்மா மருந்துச் சீட்டுகளை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "கண்ண மூடுங்கம்மா," என்றார். இமையைப் பார்த்தார். விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தடவினார். "இப்ப கைய ஊனாம நாக்காலில இருந்து எழும்புங்க." புஷ்பராணியால் முடியவில்லை. "தல சீவுற மாதிரி கையத் தூக்குங்க." அதுவும் முடியவில்லை. நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எல்லாம் ஒரே வியாதிதான்," என்றார். "தோலும் சதையும் சேர்ந்து அழலுது. ஒடம்பக் காக்குற படை, ஆள் தெரியாம ஒடம்பையே அடிக்குது. இது யாருக்கும் ஒட்டாது. ஆனா இதுல பல வகை இருக்கு. சிலருக்கு சதையோட நிக்கும். சிலருக்குத் தோலோட. சிலருக்கு நுரையீரலப் புடிக்கும். எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் மருந்தக் கூட்டவோ மாத்தவோ முடியும்."

நோயின் பேரையும் சொன்னார். சிவஞானம் பஸ்ஸில் வரும்வழியெல்லாம் அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். பண்டாரவளை தாண்டுவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. மறக்காமல் நின்றது ஒட்டாது என்ற சொல் மட்டும்தான்.

மாத்திரையோடு புஷ்பராணி கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். அப்போது அவர் சொன்னார்: "அந்தக் கோப்பைய உள்ள எடுத்து வையேன்."

"இருக்கட்டும், வெளியவே கெடக்கட்டும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவரும் அதோடு விட்டுவிட்டார். நூலை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்திலேயே கத்தி இருந்தது. அறுக்கவில்லை.

மூச்சு வாங்கவே மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எந்த வகை என்ற பதில் நேற்றுக் காலை வந்தது. நெஞ்சைப் பிடிக்கிற வகைதான். சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

"நானே ஊத்துறேன்," என்று துஷாந்தினி செம்பை எடுத்தாள். "யாரும் வர வேணாம்."

"ஒத்த ஆளா எப்படிப் புரட்டுவ?" என்றாள் பேச்சியம்மா. இரக்கமாகத்தான் சொன்னாள். காலை மட்டும் எடுத்து வைக்கவில்லை. மஞ்சளும் பொட்டும் பூவுமாகப் போக வேண்டியவள் ஊரார் கை படாமல், ஆஸ்பத்திரி மருந்து வாடையோடு குழிக்குப் போவாள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தப்புப் பறை அடிக்க வந்த இருவரும் கம்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு எங்கேயோ பார்த்தார்கள். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக் கடைசிக் காம்பரா வீட்டை மறைத்தது.

சிவஞானம் எழுந்தார். இஸ்தோப்பில் ஏறி அந்தக் கோப்பையை ஆணியிலிருந்து எடுத்தார். சாவு வீட்டில் சமையல் அடுப்பு பற்றவைக்காததால் அங்கம்மா வீட்டிலிருந்து ஒரு பெரிய கேத்தலில் தேத்தண்ணி வந்திருந்தது. கோப்பை நிறைய ஊற்றினார். உள்ளே தூசி இருந்திருக்கும். கழுவவில்லை. எல்லாரும் பார்க்கக் கானின் ஓரம்வரை நடந்து வந்து நின்று குடித்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது. நடுவில் நிறுத்தவில்லை. நூலின் முனை மோவாயில் உரசியது.

குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.  



"அட, காலையில பெரட்டுல பேர் குடுக்க நிக்கிற மாதிரி நிக்கிறீங்களேடி!" என்றாள் அங்கம்மா திடீரென்று. குரல் உடைந்திருந்தது. "மலையில எம் போத்தல்ல வாய் வெச்சுத்தான் அக்கா தண்ணி குடிச்சிச்சு. அதே போத்தல்ல நானும் குடிச்சேன். எனக்கு என்னா வந்துச்சு? இந்தா பாருங்க கைய." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கறுத்து வெடித்த கைகள். எல்லாருடையதும் மாதிரி.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கானைத் தாண்டினாள். சிவஞானத்தைக் கடக்கும்போது நின்று, "நீங்க தள்ளிப் போங்கண்ணே, பொம்பளைக வேல," என்றாள்.

பேச்சியம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "மொத செம்பு நாந்தான்டி ஊத்தணும்," என்று முனகிக்கொண்டே அவளும் வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

சேலை மறைப்புக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தப்பு முழங்கத் தொடங்கியது.

"மஞ்சளக் கண்ணுக்கு மேல நல்லாப் பூசு. பூவாட்டம் நெறத்தப் பாரு."

"கையத் தூக்கு, அக்குள்ல சோப்பு போடணும்."

"லேசா வருதுடி கை."



"துஷா, சீப்பு எங்கடி?" என்று அங்கம்மா கேட்டாள். "தலையெல்லாம் சிக்கு. இரு, இழுக்காத. வலிக்கும்."

சிவஞானம் இஸ்தோப்பில் குந்தியிருந்தார். எதிர் லயத்துப் பிள்ளை கேத்தலோடு வந்து, கோப்பைகளையெல்லாம் தட்டில் பொறுக்கியவள், அவர் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒரே பேசினில் அலசினாள். தேத்தண்ணி ஊற்றித் தட்டை நீட்டினாள். தப்படிக்கிறவர்களில் ஒருவர் கம்பைக் கீழே வைத்துவிட்டு, கைக்கு வந்த கோப்பையை எடுத்து, ஊதி ஊதிக் குடித்தார். குடித்ததைத் தட்டில் வைத்தார். மறுபடி நிறைந்து அடுத்த ஆளிடம் போனது.

அதன் காதில் நூல் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.