சாத்தாத கதவு

"என்னங்க, எங்க இருக்கீங்க? மாமாவுக்கு வயிறு போயிடுச்சு. படுக்கை முழுக்க ஆயிடுச்சு. உடனே வாங்க."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள் மருமகள்.

"இப்ப எப்படி வர்றது? லிஃப்டுக்குள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு கத்திக்கிட்டு இருக்காங்க. அவங்கள விட்டுட்டு வர முடியுமா? ஒரு மணி நேரம் பொறுத்துக்க" என்றான் லிஃப்ட் மெக்கானிக்கான கணவன்.

"நானே சுத்தம் பண்ணிடட்டுமா?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. "அப்பா ஒத்துக்க மாட்டாரு. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும். நாற்பது வருஷம் பெண்களுக்குத் துணி தைத்த மனிதர் அவர். ஒரு பெண்ணின் மேல் டேப்பை வைத்ததில்லை. "அளவு ரவிக்கை கொண்டாங்கம்மா" என்பார். பெண்கள் லேசுப்பட்டவர்களா? மூன்று பிள்ளை பெற்ற பிறகும் கல்யாணத்துக்கு முந்தின ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொக்கி மாட்டவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அவர் முகம் கோணாமல் தையலைப் பிரித்துவிடுவார். இப்படி ஆகும் என்று தெரிந்தே உள்ளே இரண்டு விரற்கடைத் துணி விட்டுத்தான் தைத்திருப்பார்.

நல்ல மனிதர். அதுதான் தொந்தரவே. கெட்ட மாமனாராக இருந்திருந்தால் அவளும் வாய்விட்டு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

கட்டின மனைவி, பெற்ற மகள் தவிர வேறு எந்தப் பெண்ணோடும் சாத்திய கதவுக்குள் இருக்கமாட்டேன் என்பது அவர் இளவயதில் எடுத்த தீர்மானம். "பாவம் செய்யாம இருந்தா மட்டும் போதாது. செஞ்ச மாதிரி தெரியவும் கூடாது. ஊர் வாய மூட உலைமூடி கிடையாதும்மா." மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. மகள் பிறக்கவே இல்லை. மருமகள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சிரித்துக்கொண்டே கேட்டாள். "நான் மக மாதிரி இல்லையா மாமா?"

"மாதிரிதானேம்மா" என்றார்.

அன்றிலிருந்து மகன் வேலைக்குப் போனதும் முன்னறையின் தெருக்கதவு அகலத் திறக்கப்படும். கடையிலிருந்து கொண்டுவந்த கரி இஸ்திரிப்பெட்டிதான் அதற்கு முட்டு. ஆறு கிலோ கனம்.

இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் விழுந்தது. கட்டிலை முன்னறையிலேயே போட்டார்கள். மகன் காலையில் துடைத்துத் துணி மாற்றிவிட்டுப் போவான். மறுபடி சாயங்காலம்தான். நடுவில் சங்கடம் வந்துவிடக் கூடாதென்று மாமா பத்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். உதடு வெடித்துக் கிடக்கும். "ஒரு வாய் மாமா" என்று டம்ளரோடு நிற்பாள். வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொள்வார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கீங்க அய்யா?" என்பார்கள். வாய் ஒரு பக்கம் கோணச் சிரிப்பார். ஒரு திரையாவது போடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். "திரை யாரு? கதவுக்குத் தம்பி" என்றுவிட்டார்.

இப்போது மணி பதினொன்றரை. ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துவைத்துத் துடைத்தால் தெருவே பார்க்கும். சாத்தித் துடைத்தால் அவர் தீர்மானம் போச்சு. மருமகள் வாளியோடு நடுவில் நின்றாள்.

"மாமா, நான் தொடச்சி விட்டுர்றேன்."

"வேண்டாம்மா. பையன் வரட்டும்."

பன்னிரண்டரைக்குப் போன் செய்தாள். லிஃப்ட் இன்னும் திறக்கவில்லை. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். அவர் கண்ணோரத்திலிருந்து காதுக்குள் ஈரம் இறங்கியது. அதில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. விறுவிறுவென்று போய் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி மூலையில் வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"பேசாம இருங்க மாமா."

இந்த ஏழு வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. வெந்நீரில் பழம்புடவைத் துணியை நனைத்துப் பிழிந்தாள். புரட்டினாள். துடைத்தாள். மறுபடி நனைத்தாள். முதலில் அவர் வலது கை வேட்டியை விடாமல் பிடித்திருந்தது. பிறகு விட்டது. தொடையில் புண் இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, யாரிடமும் சொல்லவில்லை. பவுடர் போட்டு, சலவை வேட்டியைச் சுற்றி, விரிப்பை மாற்றி முடித்தபோது அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

அறை அமைதியாக இருந்தது. ஏழு வருஷத்தில் பகலில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தொறக்கட்டுமா மாமா?"

குழறலாக, "சாத்தியே இருக்கட்டும். நீ மகதானே" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

"தண்ணி குடு."

இரண்டு டம்ளர் குடித்தார், மடக்மடக்கென்று, மார்பெல்லாம் வழிய. தூங்கிப்போனார். அவள் கட்டில் ஓரமாகவே தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிவாக்கில் நிமிர்ந்து பார்த்தபோது மார்பு ஏறி இறங்கவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கதவைத் திறக்கத் தோன்றவில்லை. சாத்தியே இருக்கட்டும் என்றுதானே சொன்னார்.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். கணவன் கையில் கிரீஸோடு நின்றான். கட்டிலைப் பார்த்தான், தாழ்ப்பாளைப் பார்த்தான்.

"கதவ ஏன் சாத்துன?"

"மாமா போயிட்டாங்க."

அவன் ஓடிப்போய் அப்பாவின் முகத்தைத் தொட்டான். கிரீஸ் கன்னத்தில் பட்டது. அழுதான். அழுதுகொண்டே கேட்டான். "சாத்தும்போது உயிர் இருந்துச்சா?"

"உங்கப்பா பீயில கிடந்தாருங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல."

"நான் உன்னைத் தப்பா சொல்லல. எழுபத்தெட்டு வருஷம் காப்பாத்துன பேரு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழிய உடைச்ச மாதிரி…" மூக்கைச் சிந்தினான். "யார்கிட்டயும் சொல்லிடாத."

அவளும் பொய் சொல்லாதவள்தான். கதவைத் தட்டுகிறவர்களிடம் 'வீட்ல யாரும் இல்ல' என்றுகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று மாமாவிடம்தான் கேட்டிருப்பாள்.

மறுநாள் காலை முன்னறையில் மாமாவைச் சவப்பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கதவைப் பற்றியே பேசினார்கள். "அய்யா மாதிரி பரிசுத்தமா வாழணும். ஒரு நாளாவது இந்தக் கதவு சாத்தி யாராவது பாத்திருக்கோமா?"

எதிர்வீட்டு அக்கா அவள் காதருகே வந்தாள். "நேத்து மத்தியானம் சாத்தியிருந்த மாதிரி இருந்துச்சே?"

"காத்துல சாத்திக்கிச்சுக்கா" என்றான் கணவன், முந்திக்கொண்டு.

நேற்று காற்றே இல்லை. உலர்த்திய துணி ஒன்றும் அசையவில்லை. அது அக்காவுக்கும் தெரியும். அவள் மருமகளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஜெபம் முடிந்து போதகர் அவள் பக்கம் திரும்பினார். "கடைசி நேரத்துல கூட இருந்தது நீதாம்மா. அய்யா என்ன சொன்னாங்க? சபைக்குச் சாட்சியா இருக்கும்."

எழுந்து நின்றாள். எல்லாருடைய கண்ணும் அவள் மேல் இருந்தது. "தண்ணி கேட்டாங்க. ரெண்டு டம்ளர் குடிச்சாங்க."

பரலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

"வேற ஏதாவது சொன்னாங்களாம்மா?"

சொன்னார். நீ மகதானே என்றார். ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த வார்த்தை, தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் எப்போது சொன்னார், எதற்குச் சொன்னார் என்று கேட்பார்கள். அந்த வார்த்தையை இழுத்தால் கதவும் கூட வரும். கணவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். பெட்டிக்குள் மாமா சுத்தமாக, சலவை வேட்டியோடு இருந்தார்.

"இல்லீங்க பாஸ்டர். ஒண்ணும் சொல்லல."

அதுதான் அவள் அந்த வீட்டில் சொன்ன முதல் பொய்.

அடக்கம் முடிந்து மத்தியானம் திரும்பினார்கள். வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கக் கணவன் கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். மூலையிலிருந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.

"நாற்காலிக்காரன் பாக்கிய எடுக்க வருவான். தொறந்தே இருக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். நின்று நின்று கால் கடுத்தது. விரிப்பில்லாத கட்டிலில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அழவேண்டும் போலிருந்தது. எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து நின்றாள்.

மருமகள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவராக உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள்.