வீரசிங்கத்தின் சீலிங்

நிஷாந்தினி ஏணியின் நான்காம் படியில் நின்று சீலிங்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கீழே அம்மா எடுத்தாள்.

"சொல்லு ஜெயரூபன்."

மகன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பேசி முடித்ததும் போனை முந்தானையில் துடைத்து மேசையில் வைத்தாள்.

"அப்பா போயிட்டாராம். பத்தேகாலுக்கு." சற்றுக் கழித்து, "நாலு மணிக்குக் கொண்டு வந்துருவாங்கன்னு அண்ணன் சொல்றான்" என்றாள்.

நிஷாந்தினி மேலே பார்த்தாள். சீலிங்கில் பாதி வழவழப்பாக இருந்தது. பாதி அப்பாவுடையதாகவே இருந்தது.

அப்பா வீரசிங்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டியவர். ஒருமுறை துரை பங்களாவில் சாமான் இறக்கப் போனபோது, அரிசி ஒட்டியது போல் பொரிப்பொரியாக இருந்த சீலிங்கைப் பார்த்துவிட்டு வந்தார். பதுளையில் சொந்த வீடு கட்டி மேலே கொங்கிரீட் போட்டதும், சுண்ணாம்பும் சீமெந்தும் கரைத்து, விளக்குமாற்றைத் தோய்த்து, அண்ணாந்து நின்று உதறினார். பங்களாவில் இருந்தது போலவேதான் வந்தது. ஆனால் இருபது வருடமாக உதிர்ந்துகொண்டும் இருந்தது. அதிகமும் சாப்பாட்டு நேரத்தில்.

"இங்க பாருங்க, ஒங்க சீலிங் சோத்துல விழுகுது" என்பாள் அம்மா.

"சுண்ணாம்புதானே புள்ள. எலும்புக்கு நல்லது."

போன மாதம் இருமல் முற்றி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டில் தூசி ஆகாது என்றார் டொக்டர். சீலிங்கைச் சுரண்டிவிடலாம் என்று சொன்னவள் நிஷாந்தினிதான். ஒரு மூலையில் நனைக்காமலும் இன்னொரு மூலையில் நனைத்தும் சுரண்டிப் பார்த்தாள். நனைத்தால் தூள் பறக்கவில்லை. இரண்டையும் போனில் படம் பிடித்துக் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"சரி, செய். வெள்ளிக்கிழம வந்து மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் பாப்பேன். ஒரு கோடு தெரிஞ்சாலும் திரும்பப் பூச வேண்டியதுதான்."

இன்று புதன்கிழமை.

"அம்மா, போத்தல்ல தண்ணி ஊத்திக் குடுங்க."

"இப்பவா?"

"நாலு மணிக்கு வந்துருவாரு."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

ஏணியைக் கொடுத்திருந்தவர் பக்கத்து ஹாட்வெயார் கடை இத்ரூஸ் நானா. செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

"எறங்குங்க மகள். நான் சுரண்டுறேன்."

"இல்ல நானா. அப்பா எங்கிட்டதான் சொன்னாரு."

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புத் தண்ணீர் அவர் தொப்பியில் சொட்டியது. அவர் நகரவில்லை.

"இருபது வருசம் தானா விழுந்துச்சு. இப்ப சுரண்டினா வர மாட்டேங்குது. அப்பாட பிடிவாதம்" என்றார்.

அம்மாவின் வாய் ஓரம் சிரிப்பு வந்து போனது. அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

மூன்றரை மணிக்குக் கூடத்தின் நடுவில், மின்விசிறிக் கொக்கியின் அருகே, உள்ளங்கை அகலம் மட்டும் மிச்சமிருந்தது. நிஷாந்தினிக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

"போதும். போய்க் குளி" என்றாள் அம்மா.

பெட்டி நாலரைக்கு வந்தது. ஜெயரூபனும் இன்னும் மூன்று பேரும் உள்ளே தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தார்கள். மூடியைத் திறந்தார்கள். அப்பா மல்லாந்து படுத்திருந்தார்.

வெள்ளை கட்ட வந்த பெரியவர் நாற்காலியில் ஏறிக் கயிற்றை இழுத்தார். பெட்டிக்கு மேலே, நான்கு மூலையும் இழுத்து வெள்ளைத் துணி கட்டுவது முறை. கட்டினால் சீலிங் மறைந்துவிடும். காலையிலிருந்து நிஷாந்தினிக்கு இது தோன்றவே இல்லை. அவள் கதவோரம் நின்றாள். இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஈரத் தலையிலிருந்து தண்ணீர் கழுத்தில் இறங்கியது.

"அண்ணே, கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க" என்றாள் அம்மா.

"தலைக்கு மேலயும் வரணுமே தங்கச்சி."

"அவரு பாக்கணும்னு சொல்லியிருந்தாரு."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். நிஷாந்தினியின் நகங்களில் அப்பியிருந்த வெள்ளையையும் பார்த்தார். இறங்கி, நாற்காலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டு மறுபடி ஏறினார்.

பொழுது சாயும்போது தோட்டத்திலிருந்து வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்க வெளியே போனார்கள். தலைமாட்டில் அம்மாவும், அவள் பக்கத்தில் நிஷாந்தினியும் மட்டும் இருந்தார்கள்.

மேலே மிச்சமிருந்த இடத்திலிருந்து ஒரு பொரி உதிர்ந்து, அப்பாவின் சட்டைப் பையருகே விழுந்தது.

"இங்க பாருங்க" என்று ஆரம்பித்தாள் அம்மா.

ஆரம்பித்தவள் அப்படியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் காத்திருப்பவள் போல இருந்தது.

பிறகு அம்மா இரண்டு விரலால் அதை எடுத்து, முந்தானை நுனியில் வைத்து, இறுக்கி முடிந்துகொண்டாள்.