மொட்டைக்குக் காரணம்

ஒரகடத்தில் அந்தக் கம்பெனியின் இரண்டாம் கேட்டுக்கு எதிரே பாதியில் நின்றுபோன ஒரு குடோன் சுவர் இருக்கிறது. சாரம் கட்டிய ஓட்டைகளைக்கூட அடைக்காமல் கான்ட்ராக்டர் கைகழுவிவிட்டுப் போய்விட்டான். அந்த ஓட்டைகளில் பல்லி இருக்கும், சிலந்தி இருக்கும். அவற்றோடு முப்பது நாற்பது பேர் வாயில் வைத்து எடுத்த பாதிச் சிகரெட்டுகளும் இருக்கும். பார்த்தால் குமட்டிக்கொண்டு வரும். அதைச் செருகிவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் குமட்டாது.

இந்த அசிங்கம் வந்த வழி இதுதான். கம்பெனி பஸ் காலை ஐந்து ஐம்பதுக்கு இறக்கிவிடும், ஆறு மணிக்கு ஷிப்ட். உள்ளே கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை, திரும்பின பக்கமெல்லாம் தின்னர். ஒரு பொறி போதும். அதனால் கேட்டில் செக்யூரிட்டி சாக்ஸ் வரைக்கும் தடவிப் பார்ப்பார். தீப்பெட்டியோ சிகரெட்டோ சிக்கினால் அன்றைக்கே வேலை போய்விடும். பஸ்ஸுக்கும் கேட்டுக்கும் நடுவே கிடைக்கிற நாலு நிமிஷத்தில் ஒரு சிகரெட்டை முடிக்க முடியாது, பாதியைத் தூக்கி எறியவும் மனசு வராது. ஆகவே நாலு இழுப்பு இழுத்து, நுனியைக் கிள்ளி அணைத்து, அவனவன் ஓட்டையில் செருகிவிட்டு உள்ளே போவான். மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வந்து மிச்சத்தை முடிப்பான். சாலையை அகலப்படுத்தியபோது எதிரில் இருந்த பெட்டிக்கடை போய்விட்டதால் புதிதாக வாங்கவும் வழியில்லை. லைட்டர் எல்லாருக்கும் பொது. பாலிதீன் கவரில் சுற்றி ஒரு செங்கல்லுக்கு அடியில் கிடக்கும்.

கீழிருந்து நாலாவது வரிசையில், ஓரத்து ஓட்டை ரகுபதியுடையது. முப்பத்தாறு வயது, வடக்குப்பட்டுக்காரன், பெயின்ட்டுக்குப் போகும் முன் பம்பரை ஸ்பிரிட் துணியால் துடைத்துவிடுகிற வேலை. அவன் சிகரெட்டை விட்டு நாற்பத்தேழு நாள் ஆகிறது. அதாவது, அவன் மனைவி கங்காவின் கணக்குப்படி.

அந்தக் கணக்கு வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் தொடங்கியது. அதற்கு முந்தின வாரம் முழுக்க ரகுபதி இருமியிருந்தான். ஒருநாள் வாஷ்பேசினில் தார் மாதிரி ஏதோ விழுந்தது. அவன் தண்ணீரைத் திறந்துவிடுவதற்குள் கங்கா பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. கிருத்திகையன்று கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி வேண்டிக்கொண்டாள்.

"முருகா, ஒரு மண்டலம் இந்தாளு அந்தக் கருமத்தத் தொடாம இருக்கணும். இருந்தா என் முடிய உனக்கு எறக்கிடறேன்."

ரகுபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கங்காவின் முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். இருங்காட்டுக்கோட்டையில் அவள் வேலை செய்யும் ஒயரிங் கம்பெனியில் அந்த முடியைத் தொப்பிக்குள் சுருட்டி அடைக்கத் தினமும் இன்னொரு பெண் கைகொடுக்க வேண்டும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, அதை அவள் ஒளித்ததும் கிடையாது. அப்படிப்பட்டவள் எடுத்துக் கொடுக்கிறேன் என்கிறாள். அன்றைக்கு அவனுக்குக் கண் கலங்கியது நிஜம். இனிமேல் தொட்டால் நான் மனுஷனே இல்லை என்று நினைத்ததும் நிஜம்.

ஒன்பது நாள் இருந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஒன்பது நாள் நிஜமாகவே இருந்தான். சோறு இறங்கவில்லை, சூப்பர்வைசரிடம் எரிந்து விழுந்தான். பத்தாம் நாள், உடன் வேலை செய்யும் இசக்கிதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்றைப் பற்றவைத்தான். சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளை, வெள்ளை மனசு. "ஒண்ணே ஒண்ணு அடிங்கண்ணே, தல வலிக்கின்னு சொல்லுதியளே" என்று நீட்டினான். நாலு இழுப்பு. மிச்சம் ஓட்டைக்குப் போனது. மறுநாளிலிருந்து இசக்கிதுரை அவனுக்கென்று ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஒன்றைத்தானே பிடிக்கிறோம், அதுவும் இரண்டு பாதியாக, முருகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டா இருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நாற்றத்துக்கும் வழி கண்டுபிடித்தான். உள்ளே போகும்போது தடவுகிற செக்யூரிட்டி வெளியே வரும்போது தடவுவதில்லை. பம்பர் துடைக்கிற ஸ்பிரிட் துணி ஒன்றைக் கவரில் போட்டு ஷூவுக்குள் வைத்துக் கொண்டுவந்து, மத்தியானப் பாதியை முடித்ததும் விரல், மீசை, உதடு எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்துக்கொள்வான். வீட்டுக்குப் போனால் பெயின்ட் ஷாப் வாசனைதான் அடிக்கும், அது கங்காவுக்குப் பழக்கம். பத்தே நாளில் உதடு தோல் உரிந்து வெடித்தது. அதைப் பார்த்து கங்காவுக்கு மனசு கரைந்துபோனது.

"வுட்டவங்களுக்கு இப்பிடித்தான் ஒதடு வெடிக்குமாம், எங்க லைன்ல ஒரு அக்கா சொல்லிச்சி. உடம்புல கீற வெஷம் வெளிய வருதாம். வாயக் காட்டு" என்று தினமும் படுக்கப் போகும் முன் தன் விரலால் வெண்ணெய் தடவிவிட்டாள். அவன் வாயைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துப்புகெட்ட பிழைப்பு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நாற்பத்தேழாம் நாள் ஷிப்ட் நடுவில் நல்ல மழை. இரண்டு மணிக்கு அது விட்டிருந்தது. ரகுபதி சேற்றில் தாண்டித் தாண்டிச் சுவரிடம் போனான். பக்கத்தில் ஒரு லாரி நின்றது. அதன் டிரைவர், ஐம்பது வயதிருக்கும், தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். ரகுபதி அவரைக் கவனிக்கவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டான், பாதிச் சிகரெட் கைக்கு வந்தது. அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டு பற்றவைத்து ஆழமாக இரண்டு இழுப்பு இழுத்தான். நாக்கில் ஒரு புளிப்பு, அழுகின வெற்றிலை போல ஒரு வீச்சம்.

பின்னால் வந்த இசக்கிதுரை கீழே காட்டினான். "அண்ணே, ஒங்களுது இங்கன சேத்துல கெடக்குல்லா. நீங்க குடிக்கது யாருக்க?"

குந்தியிருந்த டிரைவர் கையைத் தூக்கினார். "என்துப்பா. மழைக்கு நின்னப்ப அதுல செருகி வச்சேன். உன்துதான் உள்ள இருந்து வுழுந்திருக்கும்." பேசும்போது வலித்தது போலிருக்கிறது, துண்டை இறக்கி வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சு வாங்கினார். உள்கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாகப் புண். ஓரமெல்லாம் சிவந்து, பல்லுக்கு நடுவே ரத்தம் கலந்த எச்சில் நூலாகத் தொங்கியது. "பரவால்ல, நீயே அடி. எனக்கு வாய் தொறக்க முடியல. நாளைக்கு ஆஸ்பத்திரில வரச் சொல்லிக்கீறாங்க."

ரகுபதி சிகரெட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். பல் பதிந்த தடம், பழுப்பாக ஒரு கறை. அவன் நினைத்ததுபோல அந்த ஈரம் மழையில்லை. துப்பினான், மறுபடி துப்பினான். இசக்கிதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இத்தோடு அவன் அதைத் தூக்கி எறிந்திருந்தால் நானும் அவனை ஒரு மனுஷன் என்று எழுதிவிட்டுப் போவேன். அவன் எறியவில்லை. சேற்றில் கிடந்த தன்னுடையதைப் பார்த்தான், ஊறிப் பிளந்து தூள் வெளியே வந்திருந்தது. கையில் இருந்ததைப் பார்த்தான், இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கறை படிந்த முனையை மட்டும் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை வாயில் வைத்து இழுத்தான். விரல் சுடும்வரை இழுத்தான். அப்புறம் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். காலையில் கங்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு அப்படியே வெளியே வந்தது.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தான். நாளைக்கு நாற்பத்தெட்டு. நாளைக்கு அந்த முடி போய்விடும், ஒரு பொய்க்காகப் போய்விடும். 'கங்கா, நான் வுடல' என்றால் மூன்று வார்த்தை. அதைச் சொன்னால் அவள் திட்டுவாள், ஒரு மாசம் பேசமாட்டாள், முடி மிஞ்சும். அவ்வளவுதான்.

வீட்டில் கங்கா முடியை விரித்துப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு பெருந்தேவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எனுக்கு மனசு ஆறல கங்கா. நுனியில கொஞ்சம் பூ முடி குடுத்தாப் போதாதா?" என்றாள்.

"சொன்னது சொன்னதுதான்க்கா. அவரே இத்தன வருசப் பழக்கத்த வுட்டுட்டாரு. எனுக்கு முடி பெருசா?" என்று சொல்லிவிட்டு கங்கா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவனைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. ரகுபதிக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. மூன்று வார்த்தையையும் விழுங்கிவிட்டுக் குளிக்கப் போனான். அன்றைக்கும் அவள் வெண்ணெய் தடவினாள். அந்தப் புண்ணை ருசித்த வாயில் தடவினாள்.

மறுநாள் வல்லக்கோட்டையில் கூட்டம் இல்லை. மொட்டை அடிக்கும் கூடத்தில் சவரக்காரர் புது பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டினார். கங்கா மணையில் உட்கார்ந்து, முடியை இரண்டாகப் பிரித்து முடிந்துகொண்டாள். அவர் தண்ணீர் தெளித்து உச்சந்தலையைத் தேய்த்தார். ரகுபதி பக்கத்தில் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றியிலிருந்து நடு மண்டை வரைக்கும் கத்தி ஒரே இழுப்பாகப் போனது. கறுப்புக்கு நடுவில் வெளுத்த தோல் நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. ஒரு பிடி முடி அவள் மடியில் விழுந்தது.

"நிறுத்துங்க" என்றான் ரகுபதி. "கங்கா, நான் வுடல. குடிச்சிக்கினுதான் கீறேன்."

சொல்வதற்கு அவனுக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் முழுசாக இருந்தது. அன்று காலை வந்த ஆட்டோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, நடு மண்டை வெளுத்த பிறகு, நெஞ்சு அடைக்கிறது என்று தன் பாரத்தை அவள் மடியில் இறக்கினான். அதிலும் அவனுக்கு அவன் சௌகரியம்தான் முக்கியம்.

சவரக்காரர் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். கங்கா திரும்பவில்லை. மடியில் கிடந்த முடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தினி நாளா?"

"பத்தாம் நாள்லேந்து."

"ஒதடு?"

"ஸ்பிரிட்டு. பம்பர் தொடைக்கிறது. வாசன தெரியக்கூடாதுன்னு."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சவரக்காரரிடம், "நீங்க அடிங்கண்ணா. இதோட எங்க எழுந்து போறது?" என்றாள்.

மிச்சமும் இறங்கியது. குளித்தாள், தலையில் சந்தனம் பூசிக்கொண்டாள், சன்னதிக்குத் தனியாகவே போனாள். அவன் கொடிமரத்தருகே கைப்பையோடு நின்றான். அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு சிகரெட் வேண்டும்போல் இருந்தது. பாழாய்ப்போன நாக்கு ஊறியது. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாமா என்று வந்தது அவனுக்கு.

வெளியே வந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள். "முடி வளர ரெண்டு மூணு வருசம் ஆவும். அதுவரைக்கும் பாக்கறவங்கெல்லாம் கேப்பாங்க. நான் வாயத் தொறக்கமாட்டேன். யாரு கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும். உள்ளத சொல்லணும்."

"கங்கா..."

"நான் உனுக்கு வெண்ணெ தடவினேன்யா" என்றாள். குரல் அங்கேதான் உடைந்தது. அப்புறம் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

ஷேர் ஆட்டோவில் எதிர் சீட்டில் ஒரு கைக்குழந்தைக்காரி இருந்தாள். பக்கத்தில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். கைக்குழந்தைக்காரி கங்காவின் தலையைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தாள். "வேண்டுதலாக்கா? குழந்தைக்கா?"

கங்கா ரகுபதியைப் பார்த்தாள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"என்னாலதாம்மா" என்றான். "நான் சிகரெட்ட வுட்டுட்டன்னு பொய் சொன்னேன். அத நம்பி எடுத்துச்சி."

கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தூக்கி அவனுக்கு எட்டாத பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

வடக்குப்பட்டில் இறங்கி வீடு போவதற்குள் இன்னும் நாலு பேர் கேட்டார்கள். மளிகைக் கடைக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், தெருமுனையில் நின்ற கங்காவின் சித்தி. ஒவ்வொரு தடவையும் கங்கா நின்றாள், அவன் பக்கம் திரும்பினாள், காத்திருந்தாள். நாலாவதாக வாசலில் பெருந்தேவி. முந்தின நாள் அந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்தவள். அவளிடம் மட்டும் கொஞ்சம் பூசி மெழுகலாம் என்று ரகுபதிக்குத் தோன்றியது.

"பொய் சொல்லிட்டேன்க்கா. வுடல. அப்பப்ப ஒண்ணு..."

"தெனமும்னு சொல்லு" என்றாள் கங்கா.

பெருந்தேவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வெடித்த அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும்" என்றான் ரகுபதி.