எட்டு ஒட்டு

கணவாய் உச்சியில் தேநீர் குடித்து முடித்ததும் ஈஜ்ஜா சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். "கீழ ஊர்ல காத்திருக்கேன், கிழவா. நீ மெதுவா உருண்டு வா!" என்று புருஷனைச் சீண்டிவிட்டு இறக்கத்தில் பறந்தாள்.

இத்தர் சிரித்துக்கொண்டான். தாரூதான்ட் கடைத்தெருவில் இருபது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பஸ் கூரையில் சைக்கிள்களை ஏற்றி மராகேஷ் போய், மலை தாண்டி வீடுவரை ஓட்டி வரவேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து பேச்சு. அவள் வண்டியைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தான். இரும்புச் சட்டம், தடித்த டயர், சுமை தாங்க முப்பத்தாறு கம்பிப் பின்சக்கரம். ஒவ்வொரு கம்பியையும் தட்டி ஓசை கேட்டு முறுக்கியவன் அவன்.

ட்யூப் விஷயத்தில் மட்டும் கஞ்சப் புத்தி எட்டிப் பார்த்துவிட்டது. இரண்டு வண்டியின் பின்சக்கரங்களுக்கும் புதுசு போட்டான். முன்சக்கரங்களுக்குப் பழசே போதும், மிச்சமிருந்த ஒரு புது ட்யூப் பையிலேயே இருக்கட்டும் என்றுவிட்டான். ஈஜ்ஜாவின் முன் ட்யூபில் எட்டு பஞ்சர் ஒட்டு. "என் ஒட்டு, ட்யூபைவிடக் கெட்டி" என்று கடையில் தம்பட்டம் அடிப்பான். பொய்யில்லை. தாரூதான்ட் தட்டையான ஊர். குறுக்கே கழுதை வந்தால்தான் அங்கே பிரேக் பிடிப்பார்கள்.

இறக்கத்தின் நாலாவது வளைவில் அவன் வண்டியின் முன் பை ஆடியது. நிறுத்தி வாரை இறுக்கினான். புறங்கை ரிம்மில் பட்டுச் சுரீரென்றது. வளைவுக்கு வளைவு பிரேக் கட்டை உரசி உரசி ரிம் கொதித்துக் கிடந்தது.

கையை உதறியவன் அப்படியே நின்றுவிட்டான். கடையில் பழைய ஒட்டைப் பிய்க்க அவன் என்ன செய்வான்? ட்யூபைக் கரியடுப்பின் மேல் காட்டுவான். சூட்டில் சொல்யூஷன் பசை இளகி ஒட்டு கையோடு வந்துவிடும்.

கீழே பறப்பவளின் முன் ட்யூபில் எட்டு ஒட்டு. இன்னும் இருபது கிலோமீட்டர் இறக்கம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம், நடுவே தடுப்புச் சுவர்கூட இல்லை. போனைப் பார்த்தான். சிக்னல் செத்துக் கிடந்தது.

விரட்டினான். அவன் முன் ட்யூபிலும் ஐந்து ஒட்டு. முன் பிரேக்கைத் தொடாமல், பின் பிரேக்கை மட்டும் நம்பி, வளைவுக்கு வளைவு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஆறாவது வளைவுக்குக் கீழே அவள் சிவப்புத் தலைத்துணி தெரிந்தது.

"ஈஜ்ஜா! நில்லுடி! பிரேக் பிடிக்காத!"

கத்திய பிறகுதான் புரிந்தது, பிரேக் பிடிக்காமல் எப்படி நிற்பாள்?

"தோத்துட்டு ஏன்யா கத்துற!" அவள் இன்னும் வேகமெடுத்து வளைவில் மறைந்தாள்.

அடுத்த கணம் இரும்பு தார்ச்சாலையை உரசும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. இத்தருக்கு உலகமே நின்றுபோனது.

வளைவைத் தாண்டினான். மலையோரச் சாக்கடைக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கை தோலுரிந்து ரத்தம். முன் டயர் காற்றில்லாமல் சப்பிக் கிடந்தது. வண்டி மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

"கூர்க்கல்லு குத்திருச்சு போல," என்றாள். "பயப்படாத, உசுரோடதான் இருக்கேன்."

தலையாட்டியிருந்தால் போதும், பழி கல்லோடு போயிருக்கும். அவனால் முடியவில்லை.

"கல்லு இல்லடி. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். பையிலிருந்த புது ட்யூபை, பெட்டிகூடப் பிரிக்காததை, நீட்டினான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எந்த நாளுக்குய்யா வெச்சிருந்த?"

"ஏதாச்சும் ஆனா போடலாம்னு..."

"ஏதாச்சும்னா? எனக்கா?"

இத்தர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அழுதது போதும். மாட்டு." ரிம் ஆறியதும் மாட்டினான். "உன் முன் சக்கரத்துல எத்தனை ஒட்டு?"

"அஞ்சு."

"அப்ப நீ தள்ளிக்கிட்டு வா."

முழங்கையில் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு அவள் கிளம்பிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு வளைவிலும் முதலில் பள்ளத்தை எட்டிப் பார்த்தான், பிறகு சாக்கடையை. எங்கேயும் அவள் இல்லை. ஒவ்வொரு முறையும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவுக்கு நடந்தான்.