ஒரு டம்ளர் கூடக் குடுக்கலாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை, வேலையிலிருந்து வந்த என் தங்கை, என் மனைவி நீட்டிய பால் டம்ளரைப் பாம்பைக் கண்டவள்போல் தட்டிவிட்டாள். பிறகு நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். (பாதியைத்தான் சொன்னாள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.) நான் கதை எழுதுகிறவன். தங்கை விக்கி விக்கிப் பேசும்போதே முதல் வரி தேடுகிற ஈனப் பிறவி.

அவள் ஒரு மருத்துவமனையில் உணவியல் பயிற்சியில் இருக்கிறாள். எந்த நோயாளிக்கு எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று பார்க்கும் வேலை. ஆறு மாதப் பயிற்சியில் இது நான்காவது மாதம்.

2

முதல் தொடக்கம்: "அந்த வார்டில் பசி என்பது ஒரு..."

(விட்டுவிட்டேன். வயிறு நிறைந்தவன் பசிக்கு உவமை சொல்லக் கூடாது.)

இரண்டாவது, நடந்தபடியே: பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர் வார்டில் சேர்ந்தார். தொண்டையில் அடைப்பு. மூன்று வாரமாகத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. அடைப்பை நீக்கியாயிற்று, இனி விழுங்கலாம். ஆனால் தங்கைக்கு மேலே இருக்கும் தலைமை உணவியலாளர் (தங்கைக்கு 'மேடம்') கட்டிலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் பால். வேறெதுவும் கூடாது.

(கதை கொஞ்சம் நிற்கட்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக உணவு கொடுத்தால், ரத்தத்திலுள்ள உப்புகள் சரசரவென்று இறங்கிவிடும். இதயம் தடுமாறும், நின்றும் போகலாம். எனக்கு இது புதுச் செய்தி. தங்கைக்கோ இது பாடம். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள்.)

3

என் முதல் வரைவில், பூட்டுக்காரரின் மனைவி யாருக்கும் தெரியாமல் அவருக்குப் பாலும் ரொட்டியும் ஊட்டிவிடுகிறார். மறுநாள் நண்பகலில் அவர் மூச்சு முட்டிச் சாய்கிறார். தங்கை ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வருகிறாள். அதைத் தங்கையிடமே படிக்கக் கொடுத்தேன்.

பேனாவைப் பிடுங்கி, "யாருக்கும் தெரியாமல்" என்பதை அடித்தாள்.

"இது பொய்ண்ணா. நான்தான் சொன்னேன்."

"என்னன்னு?"

"ஒரு டம்ளர் கூடக் குடுக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு. அந்தம்மா 'நிஜமாவா பாப்பா?'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நிஜமாத்தான்னேன்."

"தெரிஞ்சுமா?"

"அவரு என் கையப் பிடிச்சுக்கிட்டு, பசிக்குதும்மான்னாரு. மேடத்தக் கேக்கலாம்னு போனேன். மீட்டிங் நடந்துச்சு. கதவத் தட்டாம திரும்பிட்டேன்."

ஒரு டம்ளர் நான்காயிற்று. கூடவே ரொட்டியும் வந்தது. அனுமதி கிடைத்த பசி அளவு பார்க்குமா?

4

அவர் பிழைத்துக்கொண்டார். தீவிர சிகிச்சையில் மூன்று நாள், பிறகு பழைய கட்டில். இதை இழுத்து உங்களைப் பதறவைக்க மனமில்லை. நான் பதறியது வேறு இடத்தில்.

வார்டில் எல்லோர் முன்னாலும் மேடம் அந்த அம்மாளைக் கேட்டார்.

"யார் உங்களக் குடுக்கச் சொன்னது?"

அந்த அம்மாள் தங்கையை ஒருமுறை பார்த்தார்.

"யாரும் சொல்லலம்மா. மனசு கேக்கல, நானாத்தான் குடுத்தேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னோமே! புருஷனக் கொல்லப் பாத்தீங்களே!"

குறிப்பேடு தங்கையின் கையில் இருந்தது. மேடம் சொல்லச் சொல்ல, "உறவினர் தன்னிச்சையாக உணவளித்தார்" என்று எழுதினாள்.

எழுதினாள்.

(மறுபடி ஏன் எழுதினேன் என்றால், முதல் தடவை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவள் கையைப் பிடித்து அகரம் எழுத வைத்தவன் நான்.)

பிறகு மாடிப்படியில் அந்த அம்மாளை மடக்கி, "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"உன்னச் சொன்னா உன் படிப்பு போயிடும். என்னத் திட்டினா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவேன்."

விட முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாளை இப்போது உள்ளே விடுவதில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பூட்டுக்காரர் அவருடன் பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது, "என்ன முடிச்சிடலாம்னுதான் பாத்தியா?"

5

முடிவுகள். ஒன்று: தங்கை பூட்டுக்காரரின் கட்டிலருகே போய் உண்மையைச் சொல்கிறாள். பயிற்சி பறிபோகிறது. மற்றது: யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் மனைவியுடன் பேசாமலே வீடு திரும்புகிறார், தங்கை நல்ல உணவியலாளராகிறாள். இரண்டாவதை எழுதும்போது என் கை தடையில்லாமல் ஓடியது. அதைப் பார்த்துத் திடுக்கிட்டு நிறுத்தினேன்.

இன்று பத்து மணிக்குப் பூட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இப்போது எட்டு. தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"சொல்லிடட்டுமாண்ணா?"

ஊர்க்கதையெல்லாம் எழுதுகிற நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"வாயத் திறண்ணா, பஸ் வந்துடும்."

படிக்கிற நீங்களாவது அவளிடம் ஏதாவது சொல்லுங்கள். நான் அவளுக்கு அண்ணன். நான் சொன்னால் அது அவள் பயிற்சியைக் காப்பாற்றும் பதிலாகத்தான்