விட்டுப் படித்த பக்கங்கள்

"கொலைகாரன் அந்த டாக்டர்தான். வேணும்னா பாருங்க" என்று என் கணவர் சொன்னதும் செய்தியம்மா கலகலவென்று சிரித்தாள். உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த எனக்கு ஊசியின் காது கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

மாடி வீட்டுக்காரி அவள். வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவள். அதனால் அந்தப் பெயர். போரில் கண்களை இழந்த என் கணவருக்கு மாலையில் வந்து ஒரு மர்ம நாவலைப் படித்துக் காட்டுகிறாள். ஊனமாகித் திரும்பிய சிப்பாய்களை வைத்திருக்கும் விடுதியில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஏனென்று கேட்க நாதியில்லை. அதுதான் கதை.

காலையில் பேப்பர் படித்துக் காட்டுவது நான். மழை, விலைவாசி, விளையாட்டு எல்லாம் உண்டு. குண்டு, ராணுவ ஆஸ்பத்திரி என்று கண்ணில் பட்டால் தாண்டிவிடுவேன். தூக்கத்தில் அவர் அலறும்போது நெஞ்சைத் தடவிக் கொடுத்தது நான்தானே, அவளா?

அன்று கதையில் ஒரு சிப்பாயைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில எங்களையும் அப்படித்தான் கட்டினாங்க" என்றார் இவர், டீ கேட்பதுபோல. "தண்ணி கேட்டா, விடியட்டும்பாங்க."

"ம்" என்றாள் அவள்.

நானாக இருந்தால், பழசெல்லாம் இப்ப எதுக்கு என்றிருப்பேன். அந்த ஒரு 'ம்'முக்காகவே அவளை வெறுத்தேன்.

"மிஷின் சத்தத்தைக் காணோமே. அக்காவும் கதை கேக்குறாங்க போல" என்று அவள் குரல் கொடுத்தாள்.

"நூல் அறுந்துபோச்சு."

மறுநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் ஏத்த இறக்கமாப் படி."

"நான் என்ன ரேடியோவா?"

சிரித்தார். படித்துக்கொண்டே போனேன். செத்த சிப்பாயின் உடம்பைக் குளிப்பாட்டும் இடம் வந்தது. மணிக்கட்டில், கட்டிப்போட்ட தோல் வார் அறுத்த புண். என் விரல் தானாகவே தாளைத் தள்ளியது.

"ரெண்டு தாளாப் புரட்டிட்டே."

புத்தகத்தை மடியில் இறக்கினேன்.

"பேப்பர்லயும் இப்படித்தான். தாண்டுறப்ப மூச்சைப் பிடிச்சுக்குவே."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்க?"

"உனக்குத்தான் பயம்னு நெனச்சேன். அதான் எதையும் சொல்லலை."

தாள்களைத் திருப்பினேன். குளிப்பாட்டுவதை, புண்ணை, வாரை, ஒரு வரி விடாமல் படித்தேன். பாதியில் அவர் கை துழாவி வந்து என் இடது மணிக்கட்டைப் பற்றியது.

"இப்படித்தான். இதைவிட இறுக்கமா."

அவளிடமும் இப்படிப் பிடித்துக் காட்டினீர்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விரல்கள் இன்னும் இறுகின. வலித்தது. பக்கத்தின் கடைசி வரிக்கு வந்திருந்தேன். வலது கை புத்தகத்தைத் தாங்கியிருந்தது. புரட்ட இன்னொரு கை வேண்டும். அதை நான் அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை.