பால்காரர் வீட்டு எலும்பு

ஆஸ்பத்திரி நாற்காலியிலும் பால்கடைக்காரர் முதுகைச் சாய்க்காமல்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாகப் பால் விற்கிற குடும்பம். பாலில் தண்ணீர் கலந்தார்கள் என்று ஒருவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசியதில்லை. அப்படிப்பட்டவரின் மனைவி குளியலறை வாசலில் லேசாகத் தடுக்கியதற்கே இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துக் கட்டிலில் கிடந்தாள்.

"பால்காரர் வீட்லயே எலும்பு பொரி மாதிரி நொறுங்குதாமே!" என்று பக்கத்துக் கட்டில்காரி சிரித்தது அவருக்கு இன்னும் தொண்டையில் முள்ளாக நின்றது.

சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் படிவத்தோடு வந்தாள். "அம்மா, தினம் என்னென்ன சாப்பிடுவீங்க?"

மனைவி வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னார். "எங்க வீட்ல பாலுக்கு என்னம்மா பஞ்சம்? காலையில பெரிய டம்ளர் நிறைய, சாயங்காலம் ஒண்ணு. நாப்பது வருஷமா என் கண்ணால பாக்கறேன். தயிர் தனி, கீரை தனி."

"அப்படியாம்மா?"

மனைவி கணவர் முகத்தைப் பார்த்தாள். "அவர் சொன்னா சரிதான்."

எழுதிக் கூட்டிப் பார்த்த பெண் நெற்றியைச் சுருக்கினாள். "இவ்வளவு சுண்ணாம்புச் சத்து போயும் எலும்பு இப்படித் தேஞ்சிருக்குன்னா, குடல்ல சத்து சேரலையோ என்னவோ. வாய் வழியா குழாய் விட்டு, குடல்ல துளி சதை எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லுவார்."

மனைவியின் விரல்கள் போர்வையை இறுக்கின.

வராந்தாவில் மருமகள் அவரை மறித்தாள். "மாமா, அத்தை குடிக்கறது பாலில்லை."

"உளறாதே. வெள்ளை வெளேர்னு டம்ளர்ல பாத்திருக்கேன்."

"அது அண்டா கழுவற முதல் தண்ணி. பாலெல்லாம் கேனுக்குப் போனப்புறம், ஒட்டியிருக்கறதை அலசிக் குடிப்பாங்க. விக்கிற பால்ல வீட்டுப் பொம்பளை வாய் வைக்கக் கூடாதுன்னு உங்கம்மா போட்ட சட்டம். தயிரு, கீரை எல்லாம் ஆம்பளைங்க தட்டோட சரி. எனக்கும் அந்த டம்ளரைத்தான் நீட்டினாங்க. நான் திருடிக் குடிச்சுத்தான் ரெண்டு பிள்ளை பெத்தேன்."

ஊரார் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத வீடு. அவர் வராந்தாவின் இரு பக்கமும் பார்த்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "இது வெளியில போகக் கூடாது."

"அப்ப அத்தை வாய்க்குள்ள குழாய் போகட்டுமா, மாமா?"

அவர் திரும்பி உள்ளே போனார். படிவக்காரப் பெண் இன்னும் அங்கேதான் இருந்தாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எதுக்குங்க இப்ப அதெல்லாம்?" என்று மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெண் எழுதியதை அடித்தாள். "நல்லவேளை சொன்னீங்க. குழாய் இப்ப வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்றேன். முதல்ல ரத்தத்தைப் பாத்துட்டு மாத்திரை குடுப்பாங்க."

"இனிமே நல்லா குடிச்சா பழையபடி ஆயிடுமா?"

"மேற்கொண்டு தேயாம பாத்துக்கலாம், ஐயா. நாப்பது வருஷம் போனதை முழுசா மீட்க முடியாது."

மத்தியானம் மருமகள் கொண்டுவந்த பாலை அவரே டம்ளரில் ஊற்றி, மனைவியின் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தார். இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. அவள் குமட்டலோடு டம்ளரைத் தள்ளினாள்.

"கனமா இருக்குங்க. பழக்கமில்லை. கொஞ்சம் தண்ணி ஊத்திக் குடுங்களேன்."

தண்ணீர்ச் செம்பு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூன்று தலைமுறையில் முதல் தடவையாக அவர் வீட்டுப் பாலில் தண்ணீர் விழுந்தது.